கேட்டால் கையைத் தூக்கவும்

காமராஜர் சாலை கிளினிக்கில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டி
ஊசிக்குக் காத்திருப்பவர் போல
வைத்திக்குப்பம் தேசிங்கு.
"பீப் சத்தம் கேட்டா கையத் தூக்குங்க,
கேக்காட்டி சும்மா இருங்க."
பதினெட்டு வருஷம் படகு இன்ஜினை ஒட்டியே உட்கார்ந்த காது.
நாலாயிரம் ஹெர்ட்சில் அவர் சும்மா இருக்கிறார்.
கடல் கேக்குதும்மா, வீட்டுக்காரிதான் கேக்கல என்கிறார்.
வலக்காதுக்குச் சிவப்பு வட்டம்,
இடக்காதுக்கு நீலப் பெருக்கல்குறி.

முத்தியால்பேட்டை வீட்டில் இன்னொரு கண்ணாடி.
உள்ளே தாடி ஓணான். பெயர் முசியே.
மாடிவீட்டு அல்போன்ஸ் பிரான்சுக்குக் கிளம்பிய அன்று
சாவி, பாதி தீர்ந்த சிலிண்டர், முசியே
மூன்றையும் என் கையில் கொடுத்தான்.
"தொந்தரவே இல்லக்கா, வாயே தொறக்காது."
பொய்.
வெயில் விளக்கின் கீழே நாள் முழுக்க
வாயைத் திறந்துதான் வைத்திருந்தது.
சத்தம்தான் வரவில்லை.

டியூப்லைட் பின்னால் இருக்கிற பல்லிக்குப்
பஞ்சாங்கத்தில் ஒரு பக்கமே உண்டு,
கிழக்கே சொன்னால் என்ன, தெற்கே சொன்னால் என்ன என்று.
ஓணானுக்கு ஒரு வரி கிடையாது.
வேலிக்குச் சாட்சி சொன்னதாக ஒரு பழமொழி மட்டும்.
அங்கேயும் அது தலையைத்தான் ஆட்டியிருக்கும்.

ஒருமுறை சீறியது,
கேஸ் போடவந்த தரணியின் கறுப்பு ஹெல்மெட்டைப் பார்த்து.
தாடி கரியாகி, உடம்பு தட்டையாகி,
குக்கர் விசிலுக்கு முந்தின மூச்சு மாதிரி ஒரு ஹ்ஸ்ஸ்.
அவன் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.
மற்றபடி நகம் கண்ணாடியில் உரசும் சத்தம்.
வெளியே விடு என்றா,
உள்ளே தெரிகிற இன்னொருவனை வெளியேற்று என்றா,
எனக்குத் தெரியவில்லை.

புயல் வாரம்.
தெருவில் முழங்கால் தண்ணீர்,
மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, விளக்கு இல்லை.
வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன்.
மூன்றாம் ராத்திரி
டிக்.
காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். டிக்.
நானும் நாக்கை மடித்து ஒரு டிக் சொன்னேன்.
பதில் வந்தது.
கிளினிக் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய போனில் பதிவுசெய்து
அல்போன்ஸுக்கு அனுப்பினேன்: பேசிடுச்சுடா!
அவன் ஒரு இதயம் அனுப்பினான்.
விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்,
நானும் முசியேயும்.

டாக்டர் ஹெப்சிபா அதை மல்லாத்திப் பார்த்தார்.
மூக்கில் கடுகளவு நுரை.
"பேச்சு இல்லீங்க, சளி.
மூச்சு வெளிய வர முடியாம உடையுது.
எத்தன மணி நேரமா இப்படி?"
ஒரு ராத்திரி முழுக்க என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஊசி, மருந்து, முப்பத்தெட்டு டிகிரி விளக்கு.
சத்தத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்
பத்து ராத்திரி
ஒரு சத்தம் தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இருபது டிக், ஏழு, இரண்டு.
பதினோராம் ராத்திரி
பல்லி மட்டும் சொன்னது.
எந்தத் திசை என்று பார்க்கவில்லை.

காலையில் முசியே கல்லின் மேல் ஏறி நின்று
வலக்கையைத் தூக்கியது.
மெதுவாக, காற்றில் ஒரு வட்டம் போட்டு, இறக்கியது.
நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.
போனில் கேட்டதற்கு ஹெப்சிபா சிரித்தார்:
"ஒண்ணுமில்ல. 'பாத்துட்டேன், நான் சின்ன ஆளு, விட்டுடு.'
அவ்வளவுதான் அர்த்தம்."

மறுபரிசோதனைக்கு வந்த தேசிங்கு
பீப்பே இல்லாத இடத்தில் கையைத் தூக்கினார்.
இப்ப நான் சத்தம் குடுக்கலையே அண்ணே.
"தெரியும்மா.
நீ நிமிந்து பாத்த. அதான் தூக்குனேன்."

விதிப்படி அதற்குப் புள்ளி வைக்கக்கூடாது.
வைக்கவில்லை.
பென்சிலைக் கொஞ்ச நேரம்
அந்த இடத்துக்கு மேலே பிடித்திருந்தேன்.